மருந்தும் மாந்தர் உடலும்

நோய்க்கு மருந்தளிக்கப் புகும் ஒருவன் அளந்தறிய வேண்டியவை மூன்று என்பது திருக்குறளின் மருந்து அதிகாரத்திற் காணப்படும் கருத்தாகும். நோயுற்றவனது நிலை, நோயினது நிலை, காலத்தின் நிலை என்பன அவை. இம்மூன்றனுள்ளும் நோயாளனை முன்னும் நோயை அவன் பின்னும் வள்ளுவர் வைத்தமை சிந்திக்கத்தக்கது. காய்ச்சலுக்கு மருந்து, இருமலுக்கு மருந்து என்று நோயின் பெயர் சொல்லியே மருந்து கேட்டுப் பழகிய நமக்கு, 'எவருக்கு மருந்து?' என்னும் வினா எளிதில் எழுவதில்லை. ஒரே நோய்க்கு ஒரே மருந்தை ஒரே அளவில் உண்ட இருவருள் ஒருவர் நலம் பெறவும் மற்றவர் நலிவுறவும் காண்கின்றோம். கண்டவிடத்து மருந்தை நோகின்றோம், வைத்தியரை நோகின்றோம், விதியை நோகின்றோம். உண்மைக் காரணமோ பலகாலும் மருந்தை உண்டவரது உடலிலே மறைந்து கிடக்கின்றது. அக்காரணம் யாது, அதனை அறிஞர் எவ்வாறு கண்டனர், அதனை அறிந்த நமக்குரிய கடமை யாது என்பவற்றை இயன்றவளவு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

யான் மருத்துவ நூல் கற்றவன் அல்லேன். கலைப்பட்டம் பெற்ற பாடசாலை ஆசிரியன். இப்பொருளைத் தேடிப் படிக்குமாறு என்னைத் தூண்டியது எங்கள் வீட்டிலே நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியாகும்.

1980களின் இறுதிக் காலம் அது. கல்முனைக்கு மேற்கே வயல்கள் சூழ்ந்து கிடக்கும் சவளக்கடையில், மாரி கழிந்து நுளம்பு பெருகும் வேளைகளில் மலேரியாக் காய்ச்சல் வீடுதோறும் வந்து போகும். எனக்கு அப்பொழுது எட்டு வயதிருக்கும். எனக்கென வைத்தியசாலையில் தந்த குளிசைகளிற் சிலவற்றை, காய்ச்சல் விட்டதும் உண்ணாது விட்டேன். அன்னையார் அவற்றைத் தாளிற் சுற்றி அடுக்களைத் தட்டிலே வைத்திருந்தார். சில கிழமைகளின்பின் அயலிலிருந்த முஸ்லிம் குடும்பத்துச் சிறுவனுக்கும் அதே நடுக்கமும் காய்ச்சலும் கண்டன. வீதிகளிற் போக்குவரத்து ஒழிந்திருந்த நாள். வைத்தியசாலைக்குச் செல்ல வழியில்லை. சிறுவனின் உம்மா வேலியருகே வந்து கலங்கி நிற்க, அன்னையார் எஞ்சிய குளிசைகளை எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் சிறுவனது சிறுநீர் கடுந்தேநீரின் நிறமாயிற்று, கண்கள் மஞ்சளித்தன, எழுந்து நிற்கவும் அவனுக்கு வலுவில்லை. பின்னர் எவ்வாறோ வைத்தியசாலைக்குக் கொண்டு சென்று, குருதி ஏற்றி உயிர் காத்தனர். 'இவனுடைய இரத்தத்துக்கு இந்தக் குளிசை கூடாது' என்று வைத்தியர் கூறிய சொல்லின் பொருளை எவரும் விளங்கிக் கொள்ளவில்லை. இரு சமூகத்தாரும் ஒருவரையொருவர் ஐயத்தோடு நோக்கிய காலம் அது. 'தன் பிள்ளைக்கு ஒன்றும் நேராத குளிசை எங்கள் பிள்ளையை மட்டும் எப்படி வாட்டிற்று?' என்னும் வினா ஊரிலே நஞ்சாகப் பரவிற்று. வேலியிலிருந்த கடப்பு அடைக்கப்பட்டது. அன்னையாரோ தாமே அவ்வினாவைத் தம்முட் கேட்டுக்கொண்டு பல்லாண்டு வருந்தினார்.

அவ்வினா நேர்மையானது. விடைதான் ஊரார்க்குத் தெரிந்திருக்கவில்லை. அவ்விடையை அறிதற்கு, உண்ட மருந்து உடலினுள் என்னாகின்றது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும்.

வாய்வழிச் சென்ற மருந்து இரைப்பையையும் குடலையும் கடந்து குருதியிற் கலக்கின்றது. குருதியோடு உடலெங்கும் பரந்து தன் தொழிலைச் செய்கின்றது. ஈரலில் உருமாற்றம் பெறுகின்றது. இறுதியிற் பெரும்பாலும் சிறுநீர் வழியாக வெளியேறுகின்றது. இவ்வழியில் எவ்விடத்தில் விரைவோ தடையோ நேரினும் குருதியிலே மருந்தின் அளவு வேறுபடும். அளவு குறையின் நோய் தணியாது. மிகின் மருந்தே நஞ்சாகும். முதியோரிற் சிறுநீரகத்தின் ஆற்றல் குறைவதால் இளையோர்க்கேற்ற அளவு அவர்களுக்கு மிகையாதல் உண்டு. குழந்தையோ உருவிற் சிறுத்த வளர்ந்தோன் அன்று. அதன் ஈரலும் சிறுநீரகமும் முதிராதவை. உணவும் இடையே புகுந்து தொழில் செய்யும். இரும்புச்சத்துக் குளிசையை உண்டவுடன் தேநீர் அருந்துவோமாயின், தேயிலையிலுள்ள பொருள் இரும்போடு பிணைந்து, அது குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைத்துவிடும். குருதி உறையாதிருக்க வாபரின் என்னும் மருந்தை உண்போர் கீரையைத் திடீரெனக் கூட்டினாலும் குறைத்தாலும் மருந்தின் வலிமை மாறும். ஒரு மருந்தை மற்றொரு மருந்து தடுப்பதும் மிகுவிப்பதும் உண்டு. இவையெல்லாம் வைத்தியர் வினவி அறியத்தக்க புறக்காரணங்கள்.

ஆயினும் வயது, எடை, உணவு, நோய் யாவும் ஒத்த இருவரிடத்தும் மருந்து வேறுபடுவதுண்டு. இதன் காரணத்தை அறிதற்கும், அறிந்ததைப் பயன்படுத்துதற்கும் பெருந்துணை செய்த ஆராய்ச்சிகளுட் சில நம் தமிழகத்துச் சென்னையிலே நிகழ்ந்தன என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.

காசநோயை வெல்லும் வல்லமை ஐசோனியசிட் என்னும் மலிவான மருந்துக்கு உண்டென்பது 1952ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. இந்தியாவில் நோயாளரோ எண்ணிறந்தோர்; அவர்களைக் கிடத்திப் பேணுதற்குரிய படுக்கைகளோ மிகச் சில. இந்நிலையில் 1956ஆம் ஆண்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை அரசும் உலக சுகாதார நிறுவனமும் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஒன்றுகூடிச் சென்னையிற் காசநோய் மருந்தாய்வு நிலையத்தை நிறுவின. சேத்துப்பட்டிலே இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குவது அதுவே. நோயாளரை ஒரு பகுதியினர் வீட்டிலும் மற்றொரு பகுதியினர் காசநோய் விடுதியிலும் இருக்கச் செய்து, இரு சாரார்க்கும் ஒரே மருந்தைக் கொடுத்து, நிலையத்தார் ஒப்பிட்டனர். வறிய உணவும் நெருக்கமான குடிலும் உடையோர் வீட்டிலிருந்தே விடுதியினரோடு ஏறக்குறைய ஒப்பக் குணமடைந்தனர் என்னும் முடிவு 1959ஆம் ஆண்டில் வெளியாகி, உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றிற்று.

அந்நிலையத்தார் அம்மட்டில் நின்றாரல்லர். ஐசோனியசிட்டை வெவ்வேறு அளவிற் கொடுத்து நோயாளரைத் தொடர்ந்து நோக்கினர். மிகுந்த அளவில் உண்டோருட் சிலர்க்குக் கைகால்களில் விறைப்பும் எரிவும், ஊசி குத்தினாற் போன்ற நோவும் தோன்றின. எல்லோரும் உண்டது ஒரே மருந்து, துன்புற்றோர் சிலரே. மருந்து கொடுத்துச் சில மணி நேரங் கழித்துக் குருதியை ஆராய்ந்தபோது காரணம் புலனாயிற்று. சிலர் உடல் ஐசோனியசிட்டை விரைந்து கழித்தது. சிலர் உடல் மெல்லக் கழித்தது. விரைந்து கழிப்போர் குருதியில் மருந்தின் அளவு ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற் பாதியாகக் குறையும். மெல்லக் கழிப்போரிடத்து அதற்கு மூன்று மணி நேரமளவு செல்லும். நரம்பு நோவு கொண்டோர் பெரும்பாலும் மெல்லக் கழிப்போரே. மருந்து அவர்தம் உடலில் நெடுநேரம் தங்கி, நரம்புக்கு வேண்டிய பைரிடொக்சின் என்னும் உயிர்ச்சத்தைக் குலைத்தமையே அந்நோவின் காரணம். நாள்தோறும் 6 மில்லிகிராம் பைரிடொக்சின் சேர்த்துக் கொடுத்தபோது அத்துன்பம் தடுக்கப்பட்டது.

மெல்லக் கழித்தல் கேடு, விரைந்து கழித்தல் நலம் என்று இதனால் முடிவு கட்டலாகாது. கிழமைக்கு ஒருமுறை மட்டும் மருந்து கொடுக்கும் முறையொன்றைப் பின்னர் அதே நிலையத்தார் ஆராய்ந்தபோது, விரைந்து கழிப்போரே பின்தங்கினர். மருந்து அவர்கள் உடலை விட்டு ஓடிவிடுதலால் கிருமி தலையெடுத்தது. கிழமைக்கு இருமுறை கொடுத்தவிடத்து அவ்வேறுபாடு பெரிதாயில்லை. ஆகவே ஒரு முறையில் ஒருவர்க்குக் குறையாய் நின்ற இயல்பே மற்றொரு முறையில் மற்றவர்க்குக் காப்பாய் நின்றது. சென்னை ஆய்வினின்றும் நாம் பெறும் பாடம் இது: ஒவ்வொருவர் குருதியையும் சோதித்தல் வறிய நாட்டில் எளிதன்று, எனினும் மாந்தர் வேறுபடுவர் என்பதை உணர்ந்து, இரு சாரார்க்கும் பொருந்தும் அளவையும் இடைவெளியையும் வகுத்தல் கைகூடும். வேறுபாட்டை அறியாது எல்லோர்க்கும் ஒன்றைக் கொடுத்தல் வேறு. அறிந்தபின் எல்லோர்க்கும் பொருந்துவதொன்றைத் தேர்ந்து கொடுத்தல் வேறு.

இனி, இவ்வேறுபாடு எங்ஙனம் வந்தது? நம் உடலில் நிகழும் இரசாயன மாற்றங்களை நிகழ்விக்கும் புரதப் பொருள்களை நொதியங்கள் என்பர். ஒவ்வொரு நொதியமும் ஒவ்வொரு தொழிலுக்குரிய கைவினைஞன் போன்றது. ஐசோனியசிட்டோடு அசற்றைல் என்னுங் கூற்றைப் பிணைத்து, அதன் வீரியத்தை ஒழிக்கும் நொதியமொன்று ஈரலில் உண்டு. அந்நொதியத்தை ஆக்கும் கட்டளை எட்டாவது நிறமூர்த்தத்திலுள்ள ஒரு பரம்பரையலகில் எழுதப்பட்டிருக்கின்றது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக அக்கட்டளையின் இரு படிகளை நாம் பெறுகின்றோம். இரண்டும் மெல்லியனவாயின் மெல்லக் கழிப்போம். ஒன்றேனும் விரைந்ததாயின் பொதுவாக விரைந்தே கழிப்போம். பல குடும்பங்களைச் சோதித்து, இஃது மெண்டலின் பரம்பரை விதிப்படி அமைவது என்பதை 1960ஆம் ஆண்டில் இவன்சு என்னும் ஆங்கில மருத்துவரும் அவர்தம் துணைவரும் நிறுவினர். பட்டாணிச் செடியின் உயரத்தில் மெண்டல் கண்ட விதியே காசநோயாளனின் ஈரலிலும் ஆட்சி செய்கின்றதென்பது வியப்பன்றோ!

மக்கட் கூட்டங்களுக்கிடையேயும் இவ்விகிதம் மாறுபடும். தென்னிந்தியரில் ஏறத்தாழப் பத்தில் அறுவர் மெல்லக் கழிப்போர். யப்பானியரிற் பத்தில் ஒருவரளவே அத்தகையர். ஆயினும் இதனைக் கொண்டு ஓர் இனத்தின் உடலை மற்றோர் இனத்தின் உடலிலும் உயர்ந்ததென்றோ தாழ்ந்ததென்றோ கூறுவார் அறியாதார். ஒரு தாய் வயிற்றுச் சகோதரர் இருவருள் ஒருவர் விரைந்து கழிப்பவராகவும் மற்றவர் மெல்லக் கழிப்பவராகவும் இருத்தல் கூடும். விகிதம் கூட்டத்துக்குரியது, மருந்து உண்பவன் தனி மனிதன்.

இனி எங்கள் அயற்சிறுவனிடத்து மீள்வோம். மலேரியாவில் ஒருவகைக் கிருமி ஈரலிலே ஒளிந்து கிடந்து, காய்ச்சல் விட்டபின்னும் மீண்டெழும். அதனை ஈரலிலே வைத்து அழிக்கும் மருந்து பிரைமகுயின். அதனையொத்த பமாக்குயின் என்னும் மருந்து 1920களிற் பயன்பட்ட காலத்திலேயே, உண்டோருட் சிலர்க்குச் செங்குருதிக் கலங்கள் சிதைந்து சிறுநீர் கறுத்தமை காணப்பட்டது. இதன் காரணத்தை அமெரிக்காவின் இலினோயிசு மாநிலத்து ஸ்டேற்வில் சிறைச்சாலையிலே அறிஞர் ஆராய்ந்தனர். சிறைப்பட்டோரைச் சோதனைக்குள்ளாக்கியது அறமாகுமா என்னும் வினா இன்றும் எழுப்பப்படுகின்றது. ஆனால் சோதனை முறை தெளிவானது. மருந்து ஒவ்வாதவரின் செங்குருதிக் கலங்களுக்குக் கதிரியக்க அடையாளமிட்டு, மருந்து ஒவ்வுபவர் உடலில் ஏற்றிப் பிரைமகுயினைக் கொடுத்தனர். அடையாளமிட்ட கலங்கள் சிதைந்தன. ஒவ்வுபவரின் கலங்களை ஒவ்வாதவர் உடலில் ஏற்றிக் கொடுத்தபோது அவை சிதையவில்லை. எனவே குறை உடலின் பிறிதோர் இடத்திலன்று, செங்குருதிக் கலத்தினுள்ளேயே உளது என்பது தேறிற்று. அக்கலத்திலே குளுக்கோசு-6-பொசுபேற்று ஐதரசனகற்றி என்னும் நொதியம் குறைந்திருத்தலே காரணமென 1956ஆம் ஆண்டிற் கண்டறிந்தனர். சில மருந்துகளாற் கலத்தின் உள்ளே எழும் கேட்டைத் தாங்கிக் காப்பது அந்நொதியம். காவல் குறைந்த கலம் உடைகின்றது.

இக்குறையுடையோர் உலகில் ஏறத்தாழ 40 கோடியினர் எனக் கணித்துள்ளனர். இலங்கையிலும் இத்தகையோர் உளர். அவர்கள் நோயாளர் அல்லர். ஒவ்வாப் பொருளை உண்ணாதவரை பெரும்பாலும் நலமாகவே வாழ்வர். இன்னும் ஒரு விந்தை: மலேரியா நெடுங்காலம் வாட்டிய நாடுகளிலேயே இக்குறை மிகுதி. குறைந்த நொதியமுடைய கலத்திலே மலேரியாக் கிருமி செழித்து வளர்வது கடினம். ஆதலின் காய்ச்சல் பலரைக் கொண்டுபோன காலங்களில் இக்குறையுடையோர் பிழைத்து வழித்தோன்றல்களைப் பெற்றனர். 1934-35ஆம் ஆண்டுகளில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்ட மலேரியாக் கொள்ளைநோயை எண்ணிப் பார்ப்போர்க்கு, இத்தகைய காப்பின் அருமை விளங்கும். முன்னோரைக் காய்ச்சலினின்றும் காத்த கேடயமே வழித்தோன்றலைக் காய்ச்சல் மருந்தின்முன் வலுவற்றவனாக்கிற்று.

இந்நொதியத்தின் பரம்பரையலகு எக்சு நிறமூர்த்தத்தில் உள்ளது. ஆண்மகனுக்கு எக்சு நிறமூர்த்தம் ஒன்றே. அதனை அவன் தாயிடமிருந்தே பெறுகின்றான். பெண்ணுக்கு இரண்டு உளவாகலின், ஒன்றிற் குறையிருப்பினும் மற்றது பெரிதும் ஈடுசெய்யும். ஆகவே தனக்கு யாதொரு துன்பமுமின்றி வாழும் தாயிடமிருந்து மகன் இக்குறையைப் பெறுதல் கூடும். அவளும் அறியாள், அவனும் அறியான்.

இத்தகைய எடுத்துக்காட்டுகள் இன்னும் பல. கொடீன் என்னும் நோவகற்றி, ஈரலில் மோபினாக மாறிய பின்னரே நோவை நன்கு தணிக்கும். மாற்றும் நொதியம் இல்லார்க்கு அதனாற் பயன் சிறிது; அது மிகையாக உடையார்க்கு வழக்கமான அளவே ஆபத்தாதலுண்டு. சத்திரசிகிச்சையிற் தசைகளைத் தளர்த்தும் சக்சமெத்தோனியம் பெரும்பாலோரிடத்துச் சில நிமிடங்களே தொழில் செய்யும். அதனைச் சிதைக்கும் நொதியம் இல்லார்க்கு மணிக்கணக்கில் மூச்சுத் தசைகள் இயங்கா. தென்னிந்தியாவில் தமக்குள்ளேயே மணவுறவு கொண்டுவந்த ஆரிய வைசிய சமூகத்தாரிடை இக்குறை ஏனையோரினும் மிகுதியாகக் காணப்படுதலின், மயக்கமருந்து வைத்தியர்கள் இதனை நினைவிற் கொள்வர். வலிப்புக்குரிய காபமசெப்பீன் ஒரு பரம்பரையலகுடைய ஆசியர் சிலர்க்குத் தோலையே உரிக்கும் கொடிய ஒவ்வாமையைத் தரும் என்பதைத் தாய்வான் நாட்டறிஞர் 2004ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர். இவற்றையெல்லாம் ஆராயும் துறைக்கு, மருந்தியற் பரம்பரையியல் எனப் பொருள்படும் பெயரை 1959ஆம் ஆண்டில் சேர்மனிய அறிஞர் வோகல் சூட்டினார்.

வாதம், பித்தம், கபம் என்று உடலை வகுத்த நம் சித்த வைத்தியரும், மிசாஜ் என்று உடலியல்பை வகுத்த யூனானி ஹக்கீம்களும் இவ்வுண்மையை முன்னரே கண்டனர் எனச் சிலர் பெருமை பேசுவர். நொதியத்தையும் பரம்பரையலகையும் அவர்கள் கண்டிலர். ஆனால் 'இவ்வுடலுக்கு இம்மருந்து ஏற்குமா?' என்னும் வினாவை விடாது வினவினர். அதுவே அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற செல்வம். விடை புதிது, வினா பழையது. மருந்துக்கடையில் நோயின் பெயரை மட்டும் கூறிக் குளிசை வாங்கும் நாமோ அவ்வினாவையே மறந்துவிட்டோம்.

நாம் செய்யத்தக்கவை எளியன. நமக்கெனத் தந்த மருந்தைப் பிறர்க்குக் கொடாதிருத்தல் முதலாவது. நோய் ஒன்றே ஆயினும் உடல் ஒன்றன்று. ஒரு மருந்தாற் கேடு விளைந்ததாயின், அதன் பெயரை எழுதிவைத்து, எவ்வைத்தியரிடஞ் சென்றாலும் முதலிற் கூறுதல் இரண்டாவது. பெற்றோர்க்கோ உடன்பிறந்தார்க்கோ அத்தகைய கேடு விளைந்திருப்பின் அதனையுங் கூறுதல் மூன்றாவது. மருந்து பலிக்கவில்லையாயின் தாமே அளவைக் கூட்டாமலும், துன்பந்தரின் சொல்லாது நிறுத்தாமலும் வைத்தியரிடம் மீளச் செல்லுதல் நான்காவது. மாணவர் இவற்றை வீட்டிலே பெற்றோர்க்கு எடுத்துரைப்பாராயின், படித்த விஞ்ஞானம் பயன்பட்டதாகும்.

இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டிற் சான்று வழங்கிற்று. எங்கள் ஊரில் அக்காய்ச்சல் இன்று பழங்கதை. எனினும் அச்சிறுவனின் குருதி மாறவில்லை. தொழுநோய்க்குரிய டப்சோன் போன்ற வேறு மருந்துகளும் அதற்கு ஒவ்வா. வளர்ந்தபின் கொழும்பிலே அவர் செய்வித்த பரிசோதனையில் மேற்கூறிய நொதியக் குறை உறுதியாயிற்று. அவர் இன்று ஒவ்வா மருந்துகளின் பெயர்களை எழுதிய தாளொன்றைச் சட்டைப்பையில் வைத்துள்ளார்.

அவர் கூறியதைக் கேட்ட அன்றே, இங்கு எழுதியவற்றின் சுருக்கத்தை அன்னையாருக்கு விளக்கினேன். குளிசையில் நஞ்சில்லை, கொடுத்த கையிலும் நஞ்சில்லை, பெற்ற தாயும் அறியாது கொடுத்ததொன்று அச்சிறுவன் குருதியில் இருந்தது என்றேன். நெடுநேரம் பேசாதிருந்த அவர், 'காரணந் தெரிஞ்சாலும், மனே, நான் குடுத்திருக்கப்படாது' என்றார். மறுநாள் மாலை, முப்பதாண்டுகளுக்கு மேலாக மிதியாத அயல் வீட்டு முற்றத்திற்குச் சென்றார். இரு தாய்மாரும் என்ன பேசினர் என்பதை யான் கேட்கவில்லை. வேலியிலே கடப்பு மீண்டும் திறந்திருக்கின்றது.